ஒரு குவாகாவை நீர்வண்ணத்தில் வரைவது எப்படி

குவாகா வரைவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். வரிக்குதிரை ஒன்றை வரை, முன்பாதியில் கோடு போடு, பின்பாதியில் பழுப்பை அடி, தீர்ந்தது வேலை. அப்படி வரைந்த படங்கள் ஏராளம். எல்லாமே சட்டை மட்டும் மாட்டிக்கொண்ட கழுதை மாதிரி நிற்கும். கோடு எங்கே, எப்படி ஓய்கிறது என்பதில்தான் இந்த விலங்கே இருக்கிறது. அந்த இடம் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் பெரிய பாடில்லை.

நான் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவன். வினைல் ஸ்டிக்கர் வந்து தூரிகைக்கு வேலை இல்லாமல் போனபின், யீஷூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் வசிப்போர் குழு நிலையத்தில் சனிக்கிழமை காலைகளில் படம் வரையச் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் வருவார்கள், அவர்களைக் கூட்டிவரும் பாட்டிமார் சிலரும் சும்மா இருக்க மனமில்லாமல் தூரிகையைப் பிடிப்பார்கள். பூனை, மைனா, யானை எல்லாம் வரைந்து முடித்தவர்களுக்கு நான் கொடுப்பது குவாகா. உயிரோடு பார்க்கவே முடியாத ஒன்றை வரையச் சொன்னால்தான், எதை நம்பி வரைகிறோம் என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. குவாகா என்பது சமவெளி வரிக்குதிரையின் ஒரு துணையினம். தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்திலும் அதற்கு வடக்கே ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் பக்கத்திலும் மந்தை மந்தையாக மேய்ந்தது. கடைசி குவாகா 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாமின் ஆர்டிஸ் விலங்குத் தோட்டத்தில் செத்தது.

எந்தக் குவாகா?

பென்சிலை எடுப்பதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். பொதுவாக ஒரு குவாகா என்று வரையக் கூடாது. இன்று உலகத்தில் பாடம் செய்து வைத்திருக்கும் குவாகாத் தோல்கள் 23. கோனிக்ஸ்பர்க்கில் இருந்த இன்னொன்று இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோனது. இந்த 23-இல் ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது. சிலவற்றுக்குக் கோடு விலாவையெல்லாம் தாண்டிப் போகும். சிலவற்றுக்குக் கோடு என்று சொல்லவே அதிகமில்லை. பத்துப் படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் கலந்து வரைந்தீர்களானால், உலகத்தில் எப்போதும் இருந்திராத ஒரு மிருகம்தான் தாளில் நிற்கும்.

என் வகுப்பில் நான் கொடுப்பது லண்டன் பெண் குவாகா. ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குத் தோட்டத்தில் இருந்தது. உயிரோடு இருக்கும்போதே புகைப்படம் எடுக்கப்பட்ட ஒரே குவாகா இதுதான். 1863-க்கும் 1870-க்கும் இடையில் எடுத்த ஐந்து படங்கள் இருக்கின்றன. ஃபிராங்க் ஹேஸ், ஃபிரெடரிக் யோர்க் என்ற இருவர் எடுத்தவை. 1872-இல் அது செத்தபின் தோல் எடின்பரோவுக்குப் போனது, எலும்புக்கூடு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அரும்பொருளகத்துக்குப் போனது. ஓவியக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நிற்கும் விதத்துக்குப் புகைப்படம், நிறத்துக்குத் தோல், மூட்டு எங்கே மடங்குகிறது என்பதற்கு எலும்பு. மூன்றும் ஒரே விலங்கினுடையவை.

வேறு வேண்டும் என்பவர்களுக்குப் பாரிஸ் ஆண் குவாகா இருக்கிறது. பதினாறாம் லூயி மன்னரின் வெர்சாய் விலங்குத் தோட்டத்தில் இருந்தது. நிக்கோலா மரேஷால் 1793-இல் அதை வரைந்து வைத்தார். அற்புதமான கை. ஆனால் அதைப் பார்த்து வரைந்தால் நீங்கள் குவாகாவை வரையவில்லை, மரேஷாலை வரைகிறீர்கள். தூரிகை எங்கே எப்படிப் போயிருக்கிறது என்று படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து ஓவியங்களை இன்னொரு காரணத்துக்காகவும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்வேன். ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கில இயற்கையாளர் 1750-களில் ஒரு குவாகாவை நேரில் பார்த்துத்தான் வரைந்தார். ஆனால் அதைப் பெண் வரிக்குதிரை என்று குறித்துவிட்டார். ஆணுக்கு உடம்பெல்லாம் கோடு, பெண்ணுக்குப் பாதிதான் என்று எண்ணிக்கொண்டார். கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது, பெயர்தான் தப்பு.

இன்னொரு பொறி. குவாகா என்று தேடினால் பளிச்சென்ற வண்ணப் புகைப்படங்கள் வரும், புல்வெளியில் கூட்டமாக மேயும். அவை ராவ் குவாகாக்கள். ரைன்ஹோல்ட் ராவ் என்பவர் கேப் டவுன் அரும்பொருளகத்தில் விலங்குத் தோல்களைப் பாடம் செய்தவர். கோடு குறைவான சமவெளி வரிக்குதிரைகளைத் தேடிப் பிடித்து, தலைமுறை தலைமுறையாக இனம் சேர்க்கும் திட்டத்தை 1987-இல் தொடங்கியவர். பின்தொடையில் கோடு நன்றாகவே குறைந்துவிட்டது. ஆனால் அந்தச் செம்பழுப்பு முழுசாக வரவில்லை. அவற்றைப் பார்த்து நிறம் கலக்காதீர்கள். வெளிறிய வரிக்குதிரைதான் வரும்.

பொருட்கள்

காகிதம் 300 ஜிஎஸ்எம் தடிமன், கோல்டு பிரஸ் என்ற லேசான சொரசொரப்பு வகை, ஏ3 அளவு. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் கிடைக்கும். பிள்ளைகளுக்கு என்று மெல்லிய வரைதாளை வாங்காதீர்கள், இரண்டாவது பூச்சிலேயே அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும். வண்ணம் நான்கே போதும்: பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், யெல்லோ ஓக்கர், அல்ட்ராமரீன் நீலம். கறுப்பும் வெள்ளையும் பெட்டியில் இருந்தால் எடுத்து ஓரமாக வையுங்கள். இந்தப் படத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். உருண்டைத் தூரிகை 8, 4 என இரண்டு, அரை அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று. 2பி பென்சில். டிஷ்யூ.

அப்புறம் ஒரு ஹேர் டிரையர். நம் ஊர் ஈரக்காற்றில் முதல் பூச்சு காய்வதற்குள் பக்கத்துக் காப்பிக்கடையில் கோப்பி-ஓ குடித்து, கதை பேசிவிட்டு வரலாம். மழை நாளில் கேட்கவே வேண்டாம். ஆனால் சூடான காற்றைக் கிட்டே பிடித்து ஒரேயடியாகக் காயவைத்தால் வண்ணம் ஓரத்தில் கோடு கட்டிவிடும். ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள், அதுவும் பளபளப்பு போனபிறகு.

மண்டாய்க்கு ஒரு நடை

புகைப்படத்தில் உடம்பின் கனம் தெரியாது. அதனால் வகுப்புப் பிள்ளைகளை வரைபுத்தகத்தோடு மண்டாய் விலங்குத் தோட்டத்துக்குப் போய்வரச் சொல்கிறேன். அங் மோ கியோவிலிருந்து 138-ஆம் எண் பேருந்து போகிறது. வரிக்குதிரை இருக்கும் இடத்தில் முதலில் பெயர்ப்பலகையைப் படியுங்கள். சமவெளி வரிக்குதிரையாக இருக்க வேண்டும். காது பெரிதாக வட்டமாகவும் கோடு நூல் நூலாக நெருக்கமாகவும் இருந்தால் அது கிரெவி வரிக்குதிரை. எந்த ஊர் விலங்குத் தோட்டத்தில் பார்த்தாலும் இந்தப் பாடத்துக்கு அது உதவாது.

சமவெளி வரிக்குதிரையை நம்பலாம் என்று எப்படிச் சொல்கிறேன்? 1984-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் பாடம் செய்த பழைய குவாகாத் தோலில் ஒட்டியிருந்த காய்ந்த திசுவிலிருந்து மரபணுத் துண்டுகளைப் பிரித்துப் படித்தார்கள். அழிந்துபோன ஒரு விலங்கின் மரபணுவைப் படித்தது அதுவே முதல் முறை. அதற்கு முன் குவாகா குதிரைக்குக் கிட்டத்து உறவா, வரிக்குதிரைக்கா என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. வரிக்குதிரைதான் என்று ஆனது. பிறகு 2005-இல் வந்த இன்னோர் ஆய்வு, சுமார் 1,20,000 முதல் 2,90,000 ஆண்டுகளுக்கு முன்தான் குவாகா மற்ற சமவெளி வரிக்குதிரைகளிலிருந்து பிரிந்தது என்று சொன்னது. பூமியின் கணக்கில் இது நேற்று. ஆகவே உடம்புக் கட்டுக்கு மண்டாயில் நிற்பதைப் பார்த்து வரையலாம். கோட்டையும் நிறத்தையும் மட்டும் அங்கே பார்க்காதீர்கள்.

அங்கே போனதும் வரியை மறந்துவிடுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் கோடு கலங்கி, பீப்பாய் போல வயிறு, தடித்த கழுத்து, குட்டைக் கால், உடம்புக்குச் சற்றுப் பெரிய தலை எல்லாம் தெரியும். கால் மடங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்பது முழங்கால் இல்லை, கணுக்கால். இதை ஒருமுறை புரிந்துகொண்டவர் குதிரை, மாடு, ஆடு எதையும் தைரியமாக வரைவார்.

பென்சில் வேலை

தாளில் மெல்லிதாக ஒரு சதுரம் போடுங்கள். மார்பிலிருந்து பின்புறம் வரையுள்ள நீளமும், தோளிலிருந்து தரை வரையுள்ள உயரமும் ஏறக்குறைய ஒன்றே. நிஜத்தில் அந்த உயரம் 125 முதல் 135 சென்டிமீட்டர். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் பையனைப் பக்கத்தில் நிறுத்தினால் அவன் தலையும் குவாகாவின் தோளும் சமமாக இருக்கும். வகுப்பில் யாரையாவது எழுந்து நிற்கச் சொல்லிக் காட்டுவேன், உடனே எல்லோரும் சதுரத்தைப் பெரிதாக்குவார்கள். அதுவரை நாய்க்குட்டி அளவுக்குத்தான் வரைந்துகொண்டிருப்பார்கள்.

பிடரி மயிர் நிமிர்ந்து நிற்கும், குதிரை மாதிரி ஒரு பக்கம் சரியாது. கோடுகளை பென்சிலால் போடாதீர்கள். கழுத்தில் எந்தச் சாய்வில் போகும் என்பதற்கு மூன்று நான்கு குறி போதும்.

முதல் பூச்சு

பர்ன்ட் சியன்னாவில் ஓக்கர் கொஞ்சம், நீலம் ஒரு துளி. செம்மண்ணில் நிழல் விழுந்த நிறம் வர வேண்டும். புகைப்படம் கறுப்பு வெள்ளை, தோல்களோ நூற்றாண்டுக்கு மேல் வெளிச்சம் பட்டு மங்கியவை. அதனால் தோலில் தெரியும் பழுப்பைவிட ஒரு சுற்று ஆழமாகவே கலக்கச் சொல்வேன். இது என் தீர்ப்பு, ஒத்துக்கொள்ளாதவர்கள் வெளிறலாகவே விடலாம். பழைய தோல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் பாடம் செய்த பழைய உயிரினங்கள் இருக்கின்றன. உயிருள்ள ரோமத்தின் மினுக்கம் அவற்றில் இருக்காது.

பின்தொடையிலிருந்து ஆரம்பியுங்கள். தட்டைத் தூரிகையில் வண்ணத்தை நிறைய எடுத்து, விலா வழியாகத் தோளை நோக்கி இழுத்து வாருங்கள். தோள் வந்ததும் தூரிகையைக் கழுவி, வெறும் தண்ணீரால் ஓரத்தைக் கரைத்துவிடுங்கள். கழுத்துக்கும் முகத்துக்கும் ஓக்கரைத் தண்ணீராகக் கரைத்து ஒரு மங்கிய பால் நிறம். வயிறு, நான்கு கால், வால், இவற்றைத் தொடவே கூடாது. அவை வெள்ளை. பிள்ளைகளின் கை சும்மா இருக்காது, காலில் கோடு போட ஓடும். டிஷ்யூவைக் காலின் மேல் வைத்து மூடிவிடுவதே நல்லது.

இப்போது காய வேண்டும். கதையை நான் இங்கேதான் சொல்வேன்.

காயும்வரை

"யார் அங்கிள் கொன்றது?" என்றுதான் முதல் கேள்வி வரும். ஒரு வில்லன் வேண்டும் பிள்ளைகளுக்கு. டச்சுக் குடியேறிகளும் அவர்கள் வழிவந்த ஆஃப்ரிக்கானர் விவசாயிகளும் இறைச்சிக்கும் தோலுக்கும் சுட்டார்கள். திறந்த வெளியில் பகலில் கூட்டமாக நிற்கும் விலங்கு, குறி தப்பாது. தோலை விற்றார்கள், வீட்டிலும் பயன்படுத்தினார்கள். ஆடுமாடு பெருகியபோது, குவாகா மேய்ந்த புல்லுக்கும் போட்டி வந்தது. கரூவில் புல்லே குறைவு. அதுவும் குவாகா வாழ்ந்த பரப்பே சின்னது, வேறு எங்கும் ஒதுங்க இடமில்லை. 1850-களுக்குள் பெரும்பகுதியில் காணாமல் போயிற்று. கடைசியாகக் காட்டில் மிஞ்சியவை ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில், 1870-களின் கடைசியில் அவையும் தீர்ந்தன.

"ஜூவில் இருந்ததே, குட்டி போடவில்லையா?" இது இரண்டாவது கேள்வி. லண்டனில் ஒன்று 1872-இல் போனது. பெர்லினில் ஒன்று 1875-இல் போனது. ஆம்ஸ்டர்டாமில் 1867 முதல் இருந்த பெண் குவாகா 1883 வரை தாக்குப்பிடித்தது. ஊருக்கு ஊர் தனியாக நின்ற விலங்குகள், குட்டி எங்கிருந்து வரும்?

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்காது. ஆம்ஸ்டர்டாமில் அது செத்தபோது கடைசி என்று யாருக்கும் உறைக்கவில்லை. விலங்குத் தோட்டம் இன்னொன்று அனுப்பச் சொல்லிக் கேட்டது. உள்நாட்டுப் பக்கம் போனால் கிடைக்கும் என்று வேட்டைக்காரர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகுதி மக்கள் எல்லா வரிக்குதிரைகளையும் குவாகா என்றே கூப்பிட்டது இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். முழு உடம்பும் கோடு போட்டது கண்ணில் பட்டாலும் குவாகா இருக்கிறது என்றுதானே சொல்வார்கள்! அழிந்துவிட்டது என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டது 1900-இல், ஆப்பிரிக்க வனவிலங்குப் பாதுகாப்பு உடன்படிக்கையின்போது.

ஒரு பாட்டி கேட்டார், "கோடு பாதியில் நிற்கிறதைக்கூடவா கவனிக்கவில்லை?" எந்தக் குவாகா என்று முதலில் முடிவு செய்யுங்கள் என நான் நச்சரிப்பது இதனால்தான் என்றேன். சரி, காய்ந்துவிட்டது. புறங்கையைத் தாளில் வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம்.

கோடுகள்

பர்ன்ட் அம்பரில் நீலம் சேர்த்தால் கறுப்புக்குக் கிட்டத்தில் ஒரு கரும்பழுப்பு வரும். 4-ஆம் எண் தூரிகை. முகத்தில் ஆரம்பியுங்கள், அங்கே கோடு மெல்லியது, நெருக்கமானது. மூக்கு நுனி கருமை. கழுத்துக்கு வந்ததும் கரும்பட்டைகள் அகலமாகட்டும், இடையில் விடும் வெளிர்ப் பட்டைகள் ஒடுங்கட்டும். கழுத்துக் கோடு பிடரி மயிருக்குள்ளும் ஏறி நுனிவரை போக வேண்டும். அங்கே நிறுத்திவிட்டால் பிடரி ஒட்டவைத்த பிரஷ் போல் தனியாக நிற்கும்.

பெயர்ப்பலகை எழுதக் கற்ற காலத்தில் என் குரு எழுத்தைப் பார்க்கவே விடமாட்டார். 'க'வுக்கும் 'டை'க்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தைப் பார்டா என்பார். வெற்றிடம் சீராக இருந்தால் எழுத்து தானாக அமைந்துவிடும். குவாகாவுக்கும் அதேதான். கரும்பட்டையை மறந்துவிட்டு, விட்டுவைக்கும் வெளிர்ப் பட்டைகளை மட்டும் கவனித்தபடி வரையுங்கள்.

தோளைத் தாண்டும் இடம்தான் பரீட்சை. பெரும்பாலோர் இங்கே கரும்பட்டையை மெல்ல மெல்ல வெளிறச் செய்து முடிப்பார்கள். அப்படிச் செய்தால் கோடு அழிந்த மாதிரி, யாரோ துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மாற்றிச் செய்யுங்கள். கரும்பட்டைகளை உடம்பின் பழுப்புக்கே இறக்குங்கள், நடுவிலிருக்கும் வெளிர்ப் பட்டைகளின் மேல் மெல்லிய பழுப்புப் பூச்சு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்து பழுப்போடு பழுப்பாகிவிடும். கடைசி இரண்டு பட்டைகள், தாளைச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிய வேண்டும். லண்டன் குவாகாவில் எத்தனை கோடு, எங்கே ஓய்கிறது என்பதைப் புகைப்படத்தைப் பார்த்தே எண்ணுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

முதுகின் மேல் பிடரியிலிருந்து வால் வரை ஓர் அகலமான கருங்கோடு உண்டு. பக்கவாட்டில் பார்க்கும்போது அது முதுகின் விளிம்பில் ஒரு கரிய ஓரமாக மட்டும் தெரியும். இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். வயிற்றுக்கு அடியிலும் கால்களின் உட்பக்கத்திலும் அல்ட்ராமரீனைத் தண்ணீராக்கி லேசாக நிழல் கொடுத்தால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும், உடம்பும் உருளும்.

தரையும் பின்புலமும்

இங்கே நம் பிள்ளைகள் கைக்குப் பழகியது மழைக்காடு. பின்னால் ஒரு தென்னை, ஒரு பச்சைப் புதர் முளைத்துவிடும். வேண்டாம். கரூ என்பது வறண்ட வெளி. ஓக்கரில் நீர் நிறைய விட்டுத் தரை, தொலைவில் மேசை போல் தட்டையான குன்று ஒன்றை நீலத்தில் வைத்தால் போதும். லண்டன் தோட்டத்துச் சுவரை வரைகிறேன் என்றாலும் எனக்குச் சம்மதமே. அந்தக் குறிப்பிட்ட குவாகாவைப் படம் எடுத்த இடம் அதுதானே.

பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள்: லண்டன் பெண் குவாகா, புகைப்படம் பார்த்தது, தேதி, உங்கள் பெயர். வெறுமனே குவாகா என்று எழுதிவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சட்டம் போடுவதானால் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே அட்டை ஓரம் விடச் சொல்லுங்கள், ஒட்டினால் நம் ஊரில் பூசணம் பிடிக்கும். சட்டம் போடாதவர்கள் பிளாஸ்டிக் உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு. பிஸ்கட் டப்பாவில் வருகிறதே, அதைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைத்தால் இதற்கு ஆகும்.